மதிலோரம் நிற்பவர்கள்

சிவன் கோவிலில் மத்தியானப் பூசை முடிய, நகுலேஸ்வரி நெற்றியில் விபூதியும் குங்குமமுமாக வெளியே வந்து லூயிஷாம் மேட்டில் ஏறத் தொடங்கினாள். கார்த்திகை மாதம். மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. தூவானமாகக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்குப் புது வேலை. படுக்கையில் கிடக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரை மத்தியானத்திலிருந்து இராச்சாப்பாடு வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹொலண்டில் இருந்த காலம் முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள் அவள். லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் வீடு எடுத்த பிறகும் அதே வேலைதான். கிழவர்களும் நோயும் மரணமும் அவளுக்குப் புதிதில்லை.

மேட்டின் உச்சியில், வீட்டு வரிசைகள் முடிந்து பெரிய புல்வெளி தொடங்குகிற இடத்தில் அந்த வீடு தனியே நின்றது. மூன்று மாடி. செங்கல் எல்லாம் பழைய புகையேறிக் கறுத்திருந்தது. அவள் மணியை அழுத்த முந்தியே கதவு திறந்தது.

காலை ஷிப்ட் பார்க்கும் பியற்றிஸ், கோட்டும் போட்டுப் பையும் மாட்டித் தயாராக நின்றாள். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. அறுபதை எட்டிப்பிடிக்கிற வயது. தலைமயிரை இரண்டு காதுகளும் மூடும்படி வெட்டி விட்டிருந்தாள். மருந்து எங்கே, சூப் எப்படிச் சூடாக்குவது, மனுசனை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது என்று கடகடவென்று சொல்லி முடித்தாள். வாசற்படியில் இறங்கியவள் திரும்பினாள்.

“ஒண்டு சொல்ல மறந்துபோனன். மேல ஏற முந்தி தோட்டைக் கழட்டிப் பைக்குள்ள வையும். நெத்தியையும் துடைச்சுப்போட்டுப் போம்.”

“ஏனக்கா? அவருக்குப் பிடிக்காதோ?”

“அவர் தங்கமான மனுசன்.”

“அப்ப ஆருக்குப் பிடிக்காது?”

பியற்றிஸ் கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு இறக்கத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

நகுலேஸ்வரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நெற்றியைத் துடை என்று அவளுக்கு யாரும் சொல்லக்கூடாது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கொழும்பில் ஒரு பஸ்ஸுக்குள், அவளுடைய அம்மா அவசர அவசரமாக எச்சில் தொட்டு, சின்னப்பிள்ளையாக இருந்த இவளின் பொட்டை அழித்தாள். தன்னுடையதையும் அழித்தாள். இருவருடைய தோடுகளையும் கழற்றி வாய்க்குள் போட்டு அடக்கிக்கொண்டாள். தமிழரைத் தேடிப் பொல்லுகளோடு ஏறியவர்கள் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, அம்மா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்குத் தப்பினார்கள். ஆனால் அந்த வெறும் நெற்றியின் குளிர் நகுலேஸ்வரிக்கு இன்னும் மறக்கவில்லை. இனி எவனுக்காகவும் இதைத் துடைப்பதில்லை என்பது வளர்ந்த பிறகு அவள் எடுத்த முடிவு.

தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மிஸ்டர் ஹாலம் ஒரு காலத்தில் பல் வைத்தியராக இருந்தவர். பக்கவாதம் இடது பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டது. பேச்சு மெதுவாக வந்தது. புத்தி தெளிவாக இருந்தது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தூரத்தில் இருக்கும் சகோதரி மகள் ஒருத்திதான் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிறாள். நகுலேஸ்வரியின் பெயரை மூன்று தரம் சொல்லிப் பழகினார். பிறகு அவருடைய பார்வை அவள் நெற்றிக்குப் போய், காதுக்குப் போய், அங்கேயே நின்றது. 

அறை பட்டப்பகலில் இருட்டாக இருந்தது. அவள் போய்த் திரைச்சீலையை இழுத்துத் திறந்தாள்.

கீழே நீளமான தோட்டம். அதன் கோடியில், எதையும் தாங்காமல், ஒரு பெரிய மதில். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். இரண்டு பக்கமும் சிறு சுவர்கள். கூரையில்லாமல் முன்பக்கம் திறந்து கிடக்கும் ஓர் அறையைப் போல் அது வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“தயவு செய்து மூடுங்கள்” என்றார் ஹாலம்.

“என்ன அது?”

“பந்தைக் கையால் சுவரில் அடித்து விளையாடும் இடம். பழைய காலத்து விளையாட்டு. மூடுங்கள்.”

மூடினாள்.

சூப்பை அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டொப். சிறிது இடைவெளி. டொப். கனமான பந்து ஒன்று ஈரச்சுவரில் மோதித் திரும்புகிற சத்தம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்தாள். திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். தோட்டத்தில் யாரும் இல்லை. நனைந்து அழுகிய இலைகள் நிலம் முழுக்கப் பரவியிருந்தன. ஒரு காலடி கூடப் பதியவில்லை.

டொப்.

கிழவர் சூப்பை விழுங்காமல் வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

கோப்பையைக் கழுவக் குளியலறைக்குப் போனவள் கண்ணாடியில் தற்செயலாகத் தன் முகத்தைப் பார்த்தாள்.

நெற்றி வெறுமையாக இருந்தது.

வியர்வையில் கரைந்த மாதிரி இல்லை. மழையில் நனைந்த மாதிரியும் இல்லை. யாரோ ஒருவர் பெருவிரலை வைத்து, இடமிருந்து வலமாக, அழுத்தி ஒரே இழுவையில் துடைத்திருந்தார்கள். அந்த இடத்துத் தோல் முரட்டுத் துணியால் தேய்த்ததுபோல் சிவந்து கிடந்தது.

அவள் எதையும் உணரவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

அன்றிரவு வீட்டில் கணவன் ஞானேஸ்வரனுக்குச் சொன்னாள். ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை நடத்துகிறவன் அவன். கடையில் நின்ற களைப்போடு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“திரைச்சீலையில முட்டுப்பட்டிருக்கும். நீ எங்கயாவது முகத்தைத் துடைச்சிருப்பாய் நகுலா.”

“எனக்குத் தெரியாமலோ?”

“சரி, பயமெண்டால் வேலையை விடு.”

“பயமெண்டு ஆர் சொன்னது?” என்றாள்.

அடுத்த நாளும் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் போனாள். விபூதியைக் கொஞ்சம் கூடவே பூசினாள்.

அந்தக் கிழமை முழுவதும் அந்த வீட்டில் மணம் ஒன்று அவளைப் பின்தொடர்ந்தது. நனைந்த தோலின் மணம். புதுச் செருப்பை மழையில் ஊறவிட்டால் வருமே, அது. அதற்குள் சாராயமும் புகையிலையும் கலந்திருந்தன. படியேறினால் அதுவும் படியேறியது. அவள் நின்றால் அது மட்டும் இன்னொரு படி ஏறி, பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது. தினமும் தோட்டத்தில் பந்து அடிபட்டது. தினமும் குளியலறைக் கண்ணாடியில் நெற்றி வெறுமையாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை கிழவருக்கு உடம்பு துடைத்துவிடும் நாள். அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒரு கையால் தோளைத் தாங்கி, மறு கையால் இடுப்பைப் பிடித்திருந்தாள். எந்தக் கையை விட்டாலும் அவர் உருண்டு கீழே விழுவார். அந்த நேரம் பார்த்து அந்த மணம் வந்தது.

பிடரியில் குளிர்ந்த மூச்சுப் பட்டது.

பிறகு வலது காதில் ஏதோ அசைந்தது.

தோட்டின் பின்னால் இருக்கும் சுரை மெல்லத் திரும்பியது. அரைச் சுற்று. நின்றது. மறுபடி அரைச் சுற்று. பழகிய விரல்கள்; அவசரமில்லாத விரல்கள். நகுலேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு கிழவரை இறுகப் பிடித்தாள். முருகா முருகா என்று உதடு மட்டும் அசைந்தது. சுரை கழன்றது. தோடு காதிலிருந்து நீங்குவதை அவள் தோலால் கண்டாள்.

தரையில் அது விழும் சத்தம் கேட்கவில்லை.

அவரை மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுத் தேடினாள். தோடும் சுரையும் தலையணையில், கிழவரின் கன்னத்துக்குப் பக்கத்தில், அருகருகே வைக்கப்பட்டிருந்தன.

“மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார் ஹாலம். கண்ணீர் ஒரு பக்கக் கண்ணில் மட்டும் வடிந்தது. “அது அவர். எங்கள் ஆள்.”

மறுநாள் நகுலேஸ்வரி வேளைக்கே போய், புறப்படத் தயாரான பியற்றிஸை வாசலில் மறித்தாள். நடந்ததைச் சொன்னாள். பியற்றிஸ் பையைக் கீழே வைத்தாள். பிறகு வலது காதை மூடியிருந்த மயிரைத் தூக்கிக் காட்டினாள்.

காதுச்சோணை நடுவால் கிழிந்து, தையல் போட்டு, கோணலாக ஒட்டியிருந்தது.

“உமக்குச் சுரையைக் கழட்டினது. எனக்குக் கழட்டேக்க அதுக்கு அந்தப் பொறுமை இருக்கேல்லை.”

“அக்கா! இவ்வளவும் நடந்தும் ஏன் இஞ்ச நிக்கிறியள்?”

“வேற ஆர் பாக்கிறது? வந்த பிள்ளையள் எல்லாம் ஒரு கிழமையில ஓடிட்டுதுகள். வெள்ளைக்காரப் பிள்ளையளை அது ஒண்டும் செய்யாது. ஆனால் அதுகளுக்கு இந்த மனுசனைத் தூக்கித் திருப்ப மனமில்லை. முதுகில புண் வந்திட்டுது.” மயிரை இழுத்து மூடிக்கொண்டாள். “தோட்டைக் கழட்டினால் ஒரு கரைச்சலும் இல்லை. நான் கழட்டிட்டன். நீரும் கழட்டும்.”

“ஏலாதக்கா.”

“பிடிவாதம் பிடிக்காதையும் நகுலா. இதுக்கு மேல அது கோவப்பட்டு நான் பாக்கேல்லை. பாக்கவும் விருப்பமில்லை.”

அன்று பின்னேரம் அவள் கிழவரைக் கேட்டாள். ஒளிக்காமல் சொல்லும்படி கேட்டாள். அவர் ஆங்கிலத்தில், சொல்லுக்குச் சொல் நின்று நின்று சொன்னார். அவருடைய அப்பா குடித்திருக்கும் நேரங்களில் சொல்லும் கதையாம் அது. அப்பாவுக்கு அவருடைய அப்பா சொன்னது.

பல தலைமுறைக்கு முந்திய பாட்டனார் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பனியின் மதராஸ் பட்டாளத்தில் லெப்டினன்ட். வேலூர்க் கோட்டையில் இருந்தார். வேலூர் என்றதும் நகுலேஸ்வரிக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து இருதய வருத்தக்காரர் போகும் ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வந்தது. கோட்டை இருப்பதே தெரியாது.

“ஆயிரத்து எண்ணூற்று ஆறு. சிப்பாய்களுக்குப் புதுத் தொப்பி வந்தது. தோல் வைத்தது. என்ன மிருகத்தின் தோல் என்று அவர்களுக்குச் சந்தேகம். கூடவே கட்டளையும் வந்தது. நெற்றியில் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடி கூடாது. இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து மறுத்தார்கள். மறுத்தவர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். என் பாட்டனார் அணிவகுப்பில் வரிசை வரிசையாகப் போய்த் தன் பெருவிரலாலேயே குறிகளைத் துடைப்பாராம். கடுக்கனைக் கழற்றாதவனுக்கு அவரே கழற்றுவார்.”

நகுலேஸ்வரி தன் காதைத் தொட்டாள்.

“ஜூலை மாதத்தில் ஒரு நாள் விடிய முந்திக் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தூக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்களைக் கொன்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. விடிந்த பிறகு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையைப் பிடித்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்கள் நூறு பேரளவில் வெளியே இழுக்கப்பட்டார்கள். கைகளைக் கட்டி, பந்து விளையாடும் மதிலோரம் நிறுத்தி, ஒருவர் மிஞ்சாமல் சுட்டார்கள். என் பாட்டனார் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தாராம். திரும்பி வந்து இந்த வீட்டை வாங்கியதும், முதல் வேலையாகத் தோட்டத்தில் அதே அளவில் அந்த மதிலைக் கட்டினார். சாகும்வரை தினமும் அதில் பந்து அடித்தார்.”

வெளியே பந்துச் சத்தம் நின்றிருந்தது. அதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

“இப்போது புதிதாக ஒன்று” என்றார் கிழவர் மெல்ல. “நீங்கள் வந்த பிறகுதான். இரவில் பந்துச் சத்தம் இல்லாத நேரங்களில் மதிலடியில் ஆட்கள் இருமுகிறார்கள். நிறைய ஆட்கள்.” அவருடைய நல்ல கை போர்வையைப் பிடித்தது. “அவர்கள் நோயாளிகளையும் விடவில்லை, நகுலா.”

அவளுக்கு உடனே கோட்டும் பையுமாக வெளியே ஓட வேண்டும் போல் இருந்தது. அந்த மனிதரின் கண்ணைப் பார்த்தாள். முதுகுப் புண்ணை நினைத்தாள். சூப்பைச் சூடாக்கக் கீழே போனாள்.

மார்கழி பிறந்து சில நாளில் அது நடந்தது. அன்று புல்வெளிப் பக்கமிருந்து பனிப்புகார் இறங்கி வீட்டை விழுங்கியிருந்தது. பின்னேரத் தேநீர் நேரத்துக்கே வெளியே கும்மிருட்டு. நகுலேஸ்வரி கிழவருக்கு மாத்திரை கொடுத்து, குடிக்கிற கோப்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

அறைக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அந்த மணம் இந்த முறை பின்தொடர்ந்து வரவில்லை. ஏற்கனவே அறைக்குள் நின்றது.

“நகுலா, வெளியே போங்கள்” என்றார் ஹாலம்.

கைப்பிடியைத் திருப்பினாள். அது அசையவில்லை. உலோகம் கையில் ஒட்டும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

காதோரம் ஒரு குரல்.

“டுடை.”

துடை என்ற சொல். தமிழ் பழகாத நாக்கு, கட்டளைக்காக மட்டும் கற்றுக்கொண்ட சொல்.

“மாட்டன்” என்றாள் அவள். தன் வாயிலிருந்து அது வந்ததை அவளே நம்பவில்லை.

“டுடை.”

“ஏலாது!”

பின்னாலிருந்து கொண்டையை ஒரு கை பிடித்தது. தலை பின்னுக்கு வளைந்தது. முரட்டுப் பெருவிரல் ஒன்று நெற்றியில் ஊன்றி, தோல் உரியும்படி இழுத்தது. பிறகு அது காதுக்குப் போனது. இந்த முறை சுரையைத் தேடவில்லை. தோட்டைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தது.

அவள் கத்தினாள். கழுத்தில் சூடாக இரத்தம் வழிந்தது.

கிழவர், “அவளை விடு! இது என் வீடு!” என்று குளறினார். யாரும் கேட்கவில்லை. அந்தக் கை அவளை இழுத்துக்கொண்டே ஜன்னல்வரை வந்தது. அவள் விழாமலிருக்கத் திரைச்சீலையைப் பிடித்தாள். திரைச்சீலை கம்பியோடு கழன்று விழுந்தது.

புகார் மதிலோரம் மட்டும் விலகியிருந்தது.

அங்கே ஆட்கள் நின்றார்கள்.

நெருக்கமாக, தோளோடு தோள் முட்ட, முதுகு சுவரில் ஒட்டியபடி. வெறுங்கால். வெறுந்தலை. ஒருவன் கை அடுத்தவன் கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. சிலருக்குத் தாடி. சிலர் நெற்றியில் நாமமும் விபூதியும் அழிந்த தடங்கள். எல்லார் காதுகளும் கிழிந்து தொங்கின. ஒருவரும் அசையவில்லை. எல்லா முகங்களும் நிமிர்ந்து அவளையே பார்த்தன.

அவளுக்கு இவர்கள் யாரென்று தெரியும். இவர்கள் செய்ததும் தெரியும், இவர்களுக்குச் செய்ததும் தெரியும். அந்தக் கை மற்றக் காதைத் தேடி வந்தது. அவள் கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள்.

“அண்ணைமார்... உள்ள வாங்கோ.”

மதிலோரம் வெறுமையானது.

கீழே பின்கதவு திறந்தது.

பிறகு படிகளில் வெறுங்கால்கள். ஒன்று அல்ல, பத்து அல்ல. ஈரக் கால்கள், ஓடாமல், ஒரே சீராக, மேலே மேலே. சேறும் வெடிமருந்தும் பழைய இரத்தமும் கலந்த மணம் கதவிடுக்கால் நுழைந்தது. வெடிமருந்து மணம் அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள்.

கதவு திறந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அறைக்குள் வெளிச்சம் இல்லை. இடம் முழுவதும் ஆட்களால் நிறைந்ததுபோல் இருண்டது. கொண்டையைப் பிடித்திருந்த கை முதலில் இறுகியது. பிறகு நடுங்கியது. பிறகு அவளை விட்டு யாரோ பிய்த்து எடுத்ததுபோல் போனது.

பாரமான ஒன்று படிகளில் தட்டித் தட்டி இழுபட்டுக் கீழே போகிற சத்தம் கேட்டது.

போகாமல் நின்றவர்கள் கட்டிலைச் சுற்றினார்கள்.

அவளுக்கு உருவம் தெரியவில்லை. கட்டில் மெத்தையின் விளிம்பு நாலாபக்கமும் அமுங்குவது தெரிந்தது. கிழவரின் மூச்சு வெண்புகையாக வெளியே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

நகுலேஸ்வரி தவழ்ந்து போய்க் கட்டிலில் ஏறி அவருக்கு மேல் குறுக்கே விழுந்தாள்.

“இவர் அவனில்லை” என்றாள். “இவர் ஏலாத மனுசன். ஆருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லை. விடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ.”

நீண்ட நேரம் எதுவும் நடக்கவில்லை. கிழவரின் நெஞ்சு அவளுக்குக் கீழே படபடவென்று அடித்தது. அவளுடைய காதிலிருந்து சொட்டிய இரத்தம் அவர் சட்டையில் பரவியது.

பிறகு, மிக அருகில், நாக்கு வறண்ட ஓர் ஆண்குரல் கேட்டது. அவள் ஊர்த் தமிழ் இல்லை, கடலுக்கு அப்பால் இந்தியக் கரைத் தமிழ்.

“தண்ணி இருக்கா தாயி?”

அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தடவி, நோயாளி குடிக்கிற கோப்பையை எடுத்து இருட்டுக்குள் பிடித்தாள். அது அவள் கையிலேயே இருந்தது. ஆனால் பாரம் குறைந்துகொண்டே போனது. கடைசித் துளிவரை குறைந்தது.

மெத்தை மெல்ல நிமிர்ந்தது. கால்கள் இறங்கிப் போயின.

தோட்டத்தில் ஒரே ஒரு வெடிச்சத்தம். வீட்டின் கண்ணாடிகள் எல்லாம் குலுங்கி ஓய்ந்தன.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பந்துச் சத்தம் கேட்கவில்லை. தோல் மணமும் வரவில்லை. நகுலேஸ்வரியின் காதுக்குத் தையல் போட்டார்கள். ஞானேஸ்வரன் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிப் போகாதையப்பா” என்று கெஞ்சினான். அவள் போனாள். விபூதியோடு போனாள், விபூதியோடு வந்தாள். மிஸ்டர் ஹாலம் பகலில் திரையைத் திறந்துவைக்கச் சொன்னார். தை மாதத்தில் ஒரு காலை, பியற்றிஸ் அவருக்குத் தலைமயிர் வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே, அமைதியாக அவருடைய மூச்சு நின்றது.

வீடு கைமாறியது. சில கிழமை கழித்துப் பியற்றிஸ் போன் எடுத்தாள்.

“நகுலா, புதுசா வாங்கின ஆக்கள் அந்த மதிலை இடிச்சுப்போட்டினம். இண்டைக்கு அந்தப் பக்கத்தால வந்தனான். ஒரு கல்லும் இல்லை. எனக்கு இப்பதான் நிம்மதி.”

நகுலேஸ்வரிக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

விடியற்காலை கடும் உறைபனி. பிளேஸ்டோ வீட்டின் சின்னக் கொல்லைப்புறம் முழுக்க உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. குசினி ஜன்னலடியில் நின்று தேநீர் ஊற்றியவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

பின்மதிலோரம் மட்டும் பனி உருகியிருந்தது. திட்டுத் திட்டாக. சோடி சோடியாக. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, குதிக்கால்கள் மதிலில் முட்ட, விரல்கள் எல்லாம் வீட்டைப் பார்த்தபடி.

கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஞானேஸ்வரன் எட்டிப் பார்த்தான்.

“நரியளாய் இருக்கும்.”

“நரிக்கு அஞ்சு விரலோ?”

அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் வெயில் வந்து எல்லாவற்றையும் அழித்தது. மறுநாள் காலை அந்தத் தடங்கள் மதிலிலிருந்து விலகி, கொல்லையின் நடுவில் நின்றன. ஒரே வரிசை. ஒருவரும் முந்தவில்லை.

அவர்களை உள்ளே கூப்பிட்டவள் அவள். போங்கோ என்று சொல்லவில்லை. இப்போது எந்த வாயால் சொல்வது?

அதற்கடுத்த காலை அவள் பயந்து பயந்து ஜன்னலுக்கு வந்தாள். கொல்லை முழுவதும் பனி வெள்ளைவெளேரென்று கிடந்தது. ஒரு தடமும் இல்லை. மூலைக்கு மூலை பார்த்தாள். இல்லை. அப்பாடா என்று அவள் விட்ட பெருமூச்சு கண்ணாடியில் வட்டமாகப் படர்ந்தது. மெல்ல மறைந்தது.

அதற்குப் பக்கத்தில், அவளுடைய தலைக்குச் சற்று மேலான உயரத்தில், உள்பக்கமாக, இன்னொரு வட்டம் படர்ந்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.